பாதி பூசிய மஞ்சள் பிரெஞ்சு ஜாடி: நார்த்தங்காய் போடலாமா, வாசல் அறையில் வைக்கலாமா?

வில்பட்டி வாசகி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொடைக்கானலில் ஏரிக்கு மேலே இருக்கும் ஒரு பழைய பங்களா கைமாறியது. அதன் சாமான்களை முற்றத்தில் பரப்பி விற்றபோது நானும் போயிருந்தேன். வந்தவர்கள் எல்லோரும் தேக்கு அலமாரிகளையும் கணப்படுப்புச் சாமான்களையும் மொய்த்துக்கொண்டு நின்றார்கள். என் கண் சமையற்கட்டின் பின்வாசலில் விறகோடு விறகாகக் கிடந்த ஒரு மண் ஜாடியின் மேல் விழுந்தது. "பிரான்ஸ் சாமான் அம்மா, பாதிரியார்கள் காலத்தில் வந்தது" என்றார் விற்றவர். பேரம் பேசி வாங்கி வந்துவிட்டேன்.

ஒரு அடிக்குக் கொஞ்சம் கூடுதலான உயரம். அகன்ற வாய், உருண்ட தோள், கீழே போகப் போகக் குறுகும் வயிறு. தோளின் இரண்டு பக்கமும் காது வைத்தது போலப் பிடிகள். உள்பக்கம் முழுவதும், வெளியே தோளுக்குச் சற்றுக் கீழ் வரையிலும் மஞ்சள் நிறத்தில் கண்ணாடி போன்ற பூச்சு. நாட்டுக்கோழி முட்டைக் கருவின் மஞ்சள். அதற்குக் கீழே பூச்சே இல்லை, வெறும் மண்தான். பூச்சு முடியும் இடமும் நேர்கோடாக இல்லை. சில இடங்களில் வழிந்து இறங்கிச் சொட்டு விழப்போகும் நிலையில் அப்படியே உறைந்திருக்கிறது. ஒரு காது தோளோடு சேரும் இடத்தில் யாரோ கட்டைவிரலால் அழுத்திய பள்ளம் இருக்கிறது. என் விரலை வைத்துப் பார்த்தேன். என்னுடையதைவிடப் பெரிய விரல். அந்தப் பள்ளத்தைப் பார்த்த பிறகு ஜாடியை அங்கேயே விட்டுவிட்டு வர எனக்கு மனம் வரவில்லை.

விளிம்பில் ஓரிடத்தில் சில்லு பெயர்ந்திருக்கிறது. அங்கே உற்றுப் பார்த்தால் மூன்று அடுக்குகள் தெரிகின்றன: உள்ளே செம்மண், அதன் மேல் நூலளவு வெள்ளை, அதற்கும் மேல் மஞ்சள். கீழ்ப்பாதியில் திட்டுத்திட்டாகப் பழுப்பு நிறம் ஊறியிருக்கிறது. மோந்து பார்த்தால் பழைய கொழுப்பின் வாடை லேசாக அடிக்கிறது. ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து வெறும் மண் பகுதியில் வெள்ளையாக ஏதோ பூத்து, தொட்டால் பொடியாகக் கையில் ஒட்டுகிறது.

என் மாமியாருக்கு ஜாடியை மிகவும் பிடித்துவிட்டது. மரத்தில் நார்த்தங்காய் காய்த்துத் தொங்குகிறது. உப்பில் ஊறப்போட இதைவிட நல்ல ஜாடி ஏது என்கிறார். என் கணவர், அதில் மலைப்பூண்டைக் கொட்டிவைக்கலாம் என்கிறார். நான் வாசல் அறையில் வைத்து அழகு பார்க்க நினைக்கிறேன். வீட்டில் நாலு வயதுக் குழந்தை இருக்கிறது. இது உண்மையிலேயே பழைய பிரெஞ்சுச் சாமான்தானா? சமையற்கட்டில் புழங்கலாமா? வெள்ளைப் பொடியை எப்படிப் போக்குவது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பெருமாள்மலை அடுப்படி எழுதியது:

அழகான பொருள்! மண்சட்டியைப் பழக்குவது போலவே இதையும் பழக்கிவிடுங்கள். சோறு வடித்த கஞ்சியை ஊற்றி ஒரு நாள் முழுக்க வையுங்கள். கழுவிக் காயவைத்து நல்லெண்ணெய் தடவி இன்னொரு நாள் வையுங்கள். வாடையும் போய்விடும். அதன் பிறகு ஊறுகாய் போடலாம். அந்தக் காலத்து மனிதர்கள் சாப்பிடுவதற்காகச் செய்த பாத்திரம்தானே.

கோத்தகிரி சூளைக்காரர் எழுதியது:

வாசகி அம்மா, மற்றதெல்லாம் பிறகு. நார்த்தங்காயை அந்த ஜாடிக்குள் போட விடாதீர்கள். மாமியாரிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

அந்த மஞ்சள் பூச்சு காரீயக் கிளேஸ், அதாவது லெட் என்ற நச்சு உலோகம் கலந்த கண்ணாடிப் பூச்சு. பிரான்சின் கிராமத்துக் குயவர்கள் பல நூற்றாண்டுகளாகக் கையாண்ட முறை அது. காரீயத் தாதை இடித்து மாவாக்கி, களிமண்ணோடு தண்ணீரில் கரைத்து, காய்ந்த பாத்திரத்தின் மேல் ஊற்றிச் சூளையில் வைப்பார்கள். மணலில் இருக்கும் சிலிக்கா தானாக உருக வேண்டுமானால் 1,700 டிகிரி செல்சியஸ் வேண்டும். எந்த விறகுச் சூளைக்கும் அது எட்டாது. காரீயம் கூடச் சேர்ந்தால் 1,000 டிகிரிக்குள்ளேயே உருகிக் கண்ணாடியாகப் படிந்துவிடும். கையில் விறகும் செம்மண்ணும் மட்டும் இருந்த ஒரு குயவருக்கு இதைவிட எளிய வழி கிடையாது. நானும் சூளை வைத்துப் பிழைத்தவன். அந்தப் பளபளப்பு எவ்வளவு மயக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அதே தாதை இடித்தும் கரைத்தும் அந்தக் குயவர்கள் வயிற்றுவலியிலும் கைகால் முடக்கத்திலும் அவதிப்பட்டார்கள் என்பதையும் சேர்த்துத்தான் நினைக்க வேண்டும்.

பெருமாள்மலை அம்மா சொன்னது பூச்சில்லாத நம் மண்சட்டிக்குச் சரி. கஞ்சி மண்ணின் நுண்துளைகளை அடைக்கும், எண்ணெய் சட்டியை இறுக்கும். இங்கே காரீயம் துளையில் இல்லை, கண்ணாடிப் பூச்சுக்குள்ளேயே கலந்திருக்கிறது. கஞ்சி, எண்ணெய், வெந்நீர் எதனாலும் அதை முழுவதும் வெளியேற்ற முடியாது. புளிப்புதான் அதை அதிகமாக வெளியே இழுக்கும், அதுவும் நேராக நம் வயிற்றுக்கு. பீங்கான் பாத்திரங்களைச் சோதிக்கும் ஆய்வுக்கூடங்களில் 4 சதவீத அசிட்டிக் அமிலத்தை ஊற்றி 24 மணி நேரம் வைத்து, எவ்வளவு காரீயம் இறங்கியிருக்கிறது என்று அளப்பார்கள். புளிப்பு ஒரே நாளில் செய்கிற வேலையை அளப்பதற்கு அது. நார்த்தங்காய் மாதக்கணக்கில் அல்லவா ஊறும்! அதிலும் உங்கள் ஜாடியின் பூச்சு பழசு. வலை போல நுண்வெடிப்பு விட்டிருக்கும், அடியில் கரண்டி பட்டுத் தேய்ந்திருக்கும். தேய்ந்த பூச்சிலிருந்து இன்னும் வேகமாக இறங்கும். காரீயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. முதலில் அடிபடுவது குழந்தைகளின் மூளை வளர்ச்சி. நாலு வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில் இதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை.

பூண்டும் வேண்டாம். உலர்ந்த பொருள் காரீயத்தை இழுக்காது, உண்மைதான். ஆனால் பூச்சு உதிரும் ஜாடியில் அந்தத் தூள் பூண்டுத் தோலில் ஒட்டும், அங்கிருந்து கைக்கு வரும். மலைப்பூண்டைக் கொத்தாகக் கட்டி அடுப்புக்கு மேலே தொங்கவிடுவதுதான் நம் வழக்கம். அதைவிட நல்ல முறை இல்லை.

நார்த்தங்காய்க்கு மேலே பழுப்பும் கீழே வெள்ளையுமாக வருமே, அந்தக் கனத்த பீங்கான் ஜாடியையே எடுங்கள். நம் ஊர்களில் பல வீட்டுப் பரண்களில் சும்மா கிடக்கிறது. அதன் மண் 1,200 டிகிரியையும் தாண்டிய சூட்டில் கல்லாக இறுகியது. அந்தச் சூட்டில் கிளேஸ் உருகக் காரீயத்தின் உதவி தேவையில்லை.

இனி அந்த ஜாடியைப் பற்றி. இதைத்தான் நான் ஆசையாக எழுத உட்கார்ந்தேன்.

நீங்கள் சொன்ன உருவமும் பாதிப் பூச்சும் தென்மேற்குப் பிரான்சின் கொழுப்பு ஜாடிக்கு அப்படியே பொருந்துகின்றன. அங்கே வாத்து, பெருவாத்து, பன்றி இவற்றின் இறைச்சியை உப்பிட்டு வைத்து, அதனதன் கொழுப்பிலேயே மெல்லிய தீயில் மணிக்கணக்காக வேகவைப்பார்கள். வெந்த துண்டுகளை ஜாடியில் அடுக்கி, உருகிய கொழுப்பை மேலே மூடும்படி ஊற்றுவார்கள். கொழுப்பு உறைந்ததும் காற்று உள்ளே போக வழியில்லை. குளிர்காலம் முழுவதும் நிலவறையில் இருக்கும், வேண்டும்போது தோண்டி எடுத்துக்கொள்வார்கள். கொழுப்பு நழுவாமல் நிற்கவும் உள்ளே ஊறிப் போகாமல் இருக்கவும் உள்பக்கம் முழுக்கப் பூச்சு தேவை. வெளியே வழிந்ததைத் துடைத்தெடுக்கத் தோள் வரைக்கும் போதும். கீழ்ப்பாதி நிலவறை மண்ணிலோ மணலிலோ புதைந்து நிற்கும் என்று சொல்வார்கள். காரீயத் தாது காசு கொடுத்து வாங்குகிற சரக்கு. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் யார் அதைக் கொட்டுவார்கள்? தேவைக்கு மேல் ஒரு கரண்டிகூடச் செலவழிக்காமல் இவ்வளவு அழகான ஒரு கோடு கிடைத்திருக்கிறது பாருங்கள். எனக்கு இந்த ஜாடிகளிடம் உள்ள மரியாதை அங்கேதான் தொடங்குகிறது.

விளிம்புச் சில்லில் பார்த்தீர்களே, அந்த வெள்ளை அடுக்கு, செம்மண்ணின் சிவப்பை மறைக்க ஊற்றிய வெள்ளைக் களிமண் குழம்பு. அது இல்லாவிட்டால் காரீயக் கிளேஸ் செம்மண் மேல் பழுப்பாகத்தான் தெரியும். வெள்ளையின் மேல் நின்று, கொஞ்சம் இரும்பும் கலந்திருப்பதால் மஞ்சளாகிறது. தாமிரம் சேர்த்திருந்தால் பச்சையாகியிருக்கும்.

பழசா, புதிதாகச் செய்து பழசாக்கியதா என்று நீங்களே பார்த்துவிடலாம். நல்ல வெளிச்சத்தில் உள்ளே பாருங்கள். சக்கரத்தில் விரல் ஏறிய வரிகள் சமமில்லாமல் இருக்க வேண்டும். பூச்சின் நுண்வெடிப்புகளுக்குள் அழுக்கு இறங்கிக் கறுத்திருக்க வேண்டும். தேய்மானம் கைபட்ட இடங்களில் மட்டும் இருக்கும்: காதுகளின் உள்வளைவு, விளிம்பு, அடிப்பாகத்தின் வெளிவட்டம். எவர் கையும் போகாத இடத்தில் சில்லு பெயர்ந்திருந்தால் சந்தேகப்படுங்கள். கீழ்ப்பாதிப் பழுப்பு மிக முக்கியம். உள்ளிருந்து மண் வழியே கொழுப்பு கசிந்து வந்த கறை திட்டுத்திட்டாக, ஓரம் மங்கலாக இருக்கும். ஈரத்துணியால் துடைத்தால் வராது. சாயம் பூசிய போலியில் எங்கும் ஒரே அளவாக இருக்கும், துணியில் இறங்கும். கடைசியாக, நம் சந்தையில் பானை வாங்கும்போது செய்வது போல விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். சத்தம் அடைத்துக்கொண்டு வந்தால் எங்கோ விரிசல் ஓடுகிறது என்று பொருள்.

வாடையும் வழிந்த சொட்டும் அந்தக் கட்டைவிரல் பள்ளமும் வைத்துப் பார்த்தால், இது உண்மையாகப் புழங்கிய ஜாடி என்பதே என் கணிப்பு. 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இவற்றை ஏராளமாகச் செய்தார்கள். கண்ணாடி ஜாடியும் தகர டப்பாவும், பிறகு குளிர்பதனப் பெட்டியும் வந்ததும் தேவை போய்விட்டது. முத்திரை இல்லையே என்று கவலைப்படாதீர்கள். கிராமத்துக் குயவர்கள் பெரும்பாலும் முத்திரை குத்தியதில்லை.

வில்பட்டி வாசகி எழுதியது:

ஐயா, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு மிக்க நன்றி. துடைத்துப் பார்த்தேன், துணியில் ஒன்றும் வரவில்லை. காதுகளின் உள்வளைவு வழவழப்பாகத் தேய்ந்திருக்கிறது. தட்டினால் கணீரென்று இல்லை, ஆனால் அடைபடவும் இல்லை. நீங்கள் சொன்னபடி உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால் வெடிப்பு வலை கறுப்பாகத் தெரிகிறது.

மாமியார் ஒரு கேள்வி கேட்கிறார். "நாங்கள் காலமெல்லாம் ஈயச் சொம்பில் ரசம் வைத்துச் சாப்பிட்டோமே, எங்களுக்கு என்ன ஆகிவிட்டது?" பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. வெள்ளைப் பொடியைப் பற்றியும் சொல்லுங்கள் ஐயா.

கோத்தகிரி சூளைக்காரர் எழுதியது:

உங்கள் மாமியார் கேட்பது நியாயமான கேள்வி. ரசத்துக்கு வைக்கிற ஈயச் சொம்பு வெள்ளீயம். அது வேறு உலோகம். 232 டிகிரியிலேயே உருகிவிடும், அதனால்தான் வெறும் சொம்பை அடுப்பில் வைக்காமல் முதலில் புளித்தண்ணீரை ஊற்றுகிறோம். ஜாடியில் இருப்பது காரீயம். ரசம் வைத்த கை சரியான கைதான் என்று அவரிடம் சொல்லுங்கள். சொம்பு வாங்கும்போது மட்டும் காரீயம் கலக்காத சுத்த வெள்ளீயமா என்று கேட்டு, நம்பகமான இடத்தில் வாங்க வேண்டும்.

வெள்ளைப் பொடி உப்பு. எத்தனையோ வருடங்கள் உப்பிட்ட இறைச்சி இருந்த மண். உப்பு உள்ளே ஊறிப் படிந்திருக்கிறது. மலையில் மூடுபனி நாள்களில் மண் ஈரத்தை இழுக்கும், உப்பு கரையும். வெயில் வந்து காயும்போது மேலே வந்து படிகமாகும். அது வெறும் மண்ணில் பூத்தால் கெடுதல் குறைவு. கிளேஸுக்கு அடியில் பூத்தால் பூச்சைத் தூக்கிப் பெயர்த்துவிடும். முகத்தில் துணி கட்டிக்கொண்டு, மென்மையான தூரிகையால், வீட்டுக்கு வெளியே வைத்துத் துடைத்துவிடுங்கள். தூரிகையை வேறு எதற்கும் பயன்படுத்த வேண்டாம், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிறகு ஈரமும் வெயிலும் மாறி மாறிப் படாத இடத்தில் வைத்தாலே பூப்பது அடங்கும். கணப்படுப்பின் பக்கத்திலும் வைக்காதீர்கள்.

பிளீச்சிங் பவுடர் கலந்த தண்ணீரில் ஊறவைக்கச் சொல்லி யாராவது சொல்வார்கள். செய்யவே வேண்டாம். இருக்கிற உப்போடு இன்னொரு உப்பும் சேர்ந்து மண்ணுக்குள் போகும், பூச்சு செதில் செதிலாக எழும்பும். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது அதைவிட மோசம், காரீயத் தூளை வீடெங்கும் பரப்புவதாகிவிடும். கொழுப்புக் கறையை விட்டுவிடுங்கள் அம்மா. எத்தனை குளிர்காலங்கள் அந்த ஜாடி ஒரு குடும்பத்துக்குச் சோறு போட்டது என்பதற்கு அந்தக் கறை ஒன்றுதான் சாட்சி. அதைச் சுரண்டிவிட்டால் கையில் மிஞ்சுவது ஒரு மஞ்சள் தொட்டி.

செண்பகனூர்ப் பக்கத்துக்காரன் எழுதியது:

பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. 'பாதிரியார்கள் காலத்தில் வந்தது' என்று விற்றவர் சொன்னதில் ஒரு சுவையான பொருத்தம் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் மதுரை மிஷனுக்கு வந்த பிரெஞ்சு இயேசு சபையினர் பலர், அதே தென்மேற்குப் பிரான்சில் உள்ள துலூஸின் பெயர் கொண்ட சபை மாகாணத்தைச் சேர்ந்தவர்கள். கொடைக்கானலை அடுத்த செண்பகனூரில் 1895இல் திரு இருதயக் கல்லூரியை நிறுவியவர்களும் அந்த வழியில் வந்தவர்களே. துலூஸுக்குத் தென்கிழக்கே கஸ்தெல்நோதாரி என்ற ஊர் இருக்கிறது. பக்கத்தில் உள்ள இசெல் கிராமத்துக் குயவர்களின் மண்சட்டிகளுக்குப் பேர்போன வட்டாரம் அது. வெள்ளை பீன்ஸ் விதையையும் இறைச்சியையும் சேர்த்து அடுப்பில் வைத்து வேகவிடும் அந்த ஊர்ப் பண்டத்துக்கு அங்கே செய்த அகன்ற சட்டிதான் வேண்டும் என்பார்கள்.

ஆனால் ஏரியைச் சுற்றியுள்ள பங்களாக்கள் பெரும்பாலும் அமெரிக்க மிஷனரிகளும் ஆங்கிலேயரும் கட்டியவை. அமெரிக்க மதுரை மிஷனார் இங்கே முதல் வீடுகளைக் கட்டியது 1845இல். மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் துரை ஏரியை உண்டாக்கியது 1863இல். ஆகவே 'பாதிரியார்' என்ற ஒரு சொல்லை வைத்து ஜாடி கப்பலேறி வந்தது என்று முடிவு கட்டாதீர்கள். வெளிநாட்டுப் பழம்பொருள்களை வீட்டு அலங்காரத்துக்கென்று வரவழைப்பவர்கள் இப்போதும் இருக்கிறார்கள். பங்களாவின் பழைய சாமான் பட்டியல் யாரிடமாவது இருக்கிறதா என்று விசாரியுங்கள். அதில் ஜாடி இருந்தால் அதுதான் ஆதாரம்.

காந்தல் தோட்டக்காரர் எழுதியது:

சகோதரி, வாசல் அறை என்றால் கதவுக்கு உள்ளேயா, வெளியே திண்ணையிலா? திண்ணை என்றால் வேண்டாம். எங்கள் ஊட்டியில் காந்தல், தலைகுந்தா பக்கமெல்லாம் மார்கழி, தை மாதங்களில் புல்வெளி வெள்ளையாக உறைந்து கிடக்கும். உங்கள் ஏரிக்கரையிலும் உறைபனி விழுகிறது. தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பெருக்கும். சூளையில் குறைந்த சூடு கண்ட மண் தண்ணீரை நன்றாகக் குடித்திருக்கும். ஒரே இரவில் மேல்தோல் தகடு தகடாக உரிந்துவிடும். பக்கத்து வீட்டில் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த பச்சைப் பூச்சுத் தொட்டி ஒன்றுக்கு இதுதான் நடந்தது. பூச்சு முழுவதும் தரையில் கிடந்தது, தொட்டி மட்டும் நின்றது.

தெற்குப் பிரான்சில் அந்தூஸ் என்ற ஊரில் பூமாலை வேலைப்பாட்டோடு பெரிய பெரிய பூந்தொட்டிகள் செய்கிறார்கள். ஆரஞ்சு, எலுமிச்சை மரங்கள் வைப்பதற்கு. குளிர்காலம் வந்தால் அந்த மரங்களையே தொட்டியோடு உள்ளே கொண்டுபோய் வைப்பது அங்கத்திய வழக்கம். தோட்டத்துக்கென்றே செய்த தொட்டிக்கே அப்படி என்றால், நிலவறைக்காகச் செய்த ஜாடியை வெளியே வைக்கலாமா?

வில்பட்டி வாசகி எழுதியது:

கதவுக்கு உள்ளேதான் அண்ணா. குழந்தைக்கு எட்டாத உயரத்தில், வெயில் படாத சுவரோரம் ஒரு கனத்த பலகை இருக்கிறது. அதில் வைக்கிறோம். நார்த்தங்காய்க்குப் பரணிலிருந்து பீங்கான் ஜாடியை இறக்கியாகிவிட்டது, மாமியாரே துடைத்துக்கொண்டிருக்கிறார். பங்களாவில் நெடுநாள் சமையல் செய்த பெரியவர் வில்பட்டியிலேயே இருக்கிறார் என்று தெரிந்தது. சாமான் பட்டியலைப் பற்றி அவரைக் கேட்கப் போகிறேன்.

ஐயாவிடம் இன்னொன்று. ஜாடியில் பூ வைக்கலாமா? எங்கள் தோட்டத்தில் லில்லியும் ஹைட்ரேஞ்சியாவும் நிறைய பூக்கும்.

கோத்தகிரி சூளைக்காரர் எழுதியது:

வைக்கலாம், ஆனால் தண்ணீரை ஜாடியில் ஊற்றக் கூடாது. வெடிப்பு வழியே மண்ணுக்குள் இறங்கி, அடியில் கசிந்து பலகையைக் கெடுக்கும், உள்ளே அடங்கிய உப்பையும் மறுபடி கிளப்பிவிடும். வாய்க்குள் நுழைகிற ஒரு எவர்சில்வர் தூக்கையோ கண்ணாடிப் பாட்டிலையோ உள்ளே இறக்கி, அதில் தண்ணீர் வைத்துப் பூவைச் செருகுங்கள். தூக்கின் அடியில் பழைய கம்பளித் துண்டு ஒன்றை மடித்துப் போட்டுவிட்டால் அடிப் பூச்சு உரசாது. ஹைட்ரேஞ்சியாவை நிழலில் காயவைத்தால் நிறம் மங்கினாலும் உருவம் கெடாமல் நிற்கும். அப்படியென்றால் தண்ணீரே வேண்டாம்.

பலகைக்கு ஏற்றும்போது காதுகளைப் பிடித்துத் தூக்காதீர்கள். ஒட்டிய இடம் உள்ளுக்குள் விரிந்திருந்தாலும் வெளியே தெரியாது. ஒரு கையை வாய்க்குள் விடாமல் தோளை அணைத்தும், இன்னொரு கையை அடியில் கொடுத்தும் தூக்குங்கள். பலகைக்கு அடியில் முட்டுக் கொடுத்திருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.